செல், சிக்னல், தூள்

பெப்ரவரி 10, திங்கள்

குண்டசாலையில் விடிய ஒரே பனி. பஸ் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க மூடிக்கொண்டே வந்தது. கண்டியில் இறங்கி, சந்தையில் ஹனிபா நானாவின் இறைச்சிக்கடை, பிறகு பேராதனை பஸ். வழியில் சோதனை, எல்லாரும் இறங்கி நடை. பையில் இருந்தவை: அடையாள அட்டை, குடை, சோற்றுப் பார்சல், ஐஸ் நிரப்பிய ஃபிளாஸ்க். ஃபிளாஸ்க்குக்குள் மாட்டு நுரையீரலில் இருந்து வெட்டிய தடித்த இரத்தக் குழாய். பெண் பொலிஸ் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இறைச்சியா?" "இறைச்சி." கறிக்கா என்று கேட்கவில்லை. நானாகச் சொல்லப் போவதுமில்லை.

செய்ய வேண்டியவை:
– ஆய்வுகூடத்தில் வளரும் கலங்களுக்குப் புதுச் சாப்பாடு. ஒன்றுவிட்ட ஒரு நாள். தவறினால் செத்துப்போகும்.
– வீட்டுக்கார டீச்சருக்கு மெழுகுதிரி.
– அம்மாவுக்குக் கடிதம். யாழ்ப்பாணம் போய்ச் சேருமோ, எப்போது சேருமோ.
– சவர்க்காரம், டோர்ச் பட்டறி.
– கொழும்புக்கு அக்காவுக்கு போன். தூள் முடிகிறது.

இந்த வெள்ளி இல்லை, அடுத்த வெள்ளி, மருத்துவ பீடத்து ஆய்வரங்கில் என் பேச்சு. ஆங்கிலத்தில்தான். ஆனால் தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கே விளங்கியிருக்கிறதா என்று தெரியும். முயற்சி:

நுரையீரலின் இரத்தக் குழாய்களுக்கு உள்பக்கம் கலங்கள் ஒற்றை அடுக்காகப் பதிந்திருக்கின்றன, தரைக்கு ஓடு பதித்த மாதிரி. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் கசியாத வரை நுரையீரலில் காற்று. கசிந்தால் தண்ணீர். கலத்துக்குள் கல்சியம் மிகக் குறைவு, வெளியே இரத்தத்தில் தாராளம். இரத்தத்தை உறைய வைக்கும் திரோம்பின் வந்து கதவைத் தட்டினால், கலம் முதலில் தன் உள்ளறையில் சேர்த்து வைத்த கல்சியத்தை அவிழ்த்து விடும். உள்ளறை காலியானதும் வெளிக்கதவு திறக்கும், வெளிக் கல்சியம் உள்ளே வரும். இந்த ஏற்றம்தான் சிக்னல். சிக்னல் கிடைத்த கலம் சுருங்கும். பக்கத்துக் கலத்தைப் பிடித்திருந்த பிடி விடும். இடைவெளி.

பரவாயில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கலம் என்று படித்தோம். ஆய்வுகூடத்தில் எல்லாரும் செல். வாயில் வருவதும் செல்தான்.

ஏன் இதைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று டீச்சர் கேட்டா. போன வருசம் இரத்த மாதிரி எடுக்க வார்டுக்குப் போனபோது ஒரு பெண். நாவலப்பிட்டிப் பக்கம் கொழுந்து பறிப்பவள், காய்ச்சலோடு கொண்டுவந்திருந்தார்கள். இருதயத்தில் பழுதில்லை. நுரையீரல் நிறையத் தண்ணீர். தன் உடம்புத் தண்ணீரிலேயே மூழ்கிக்கொண்டிருந்தாள். வார்டு டொக்டர் "லீக்" என்று ஒரு சொல்லில் முடித்தார். எங்கே லீக், ஏன் லீக் என்று கேட்டேன். "நீ டொக்டரா?" என்றார். அந்தக் கேள்விக்குத்தான் இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெப்ரவரி 12, புதன்

வெளியே வெயிலாம். இருட்டறையில் இருந்தவளுக்கு வெயில் என்ன, மழை என்ன.

வந்துவிட்டது!

சாயத் தூளைக் கரைத்துக் கலங்களுக்குள் ஏற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, திரோம்பின் ஒரு சொட்டு. கல்சியம் ஒட்டினால் இந்தச் சாயம் மினுங்கும். முதல் தட்டு, வெளியே கல்சியம் உள்ளது: கலங்கள் பளிச்சென்று ஏறி, ஏறியபடியே நின்றன. சுருங்கின. இடையில் கறுப்புக் கறுப்பாக வெளி. இரண்டாம் தட்டு, வெளியே கல்சியம் இல்லாதது: ஒரு மினுக்கம், அவ்வளவுதான், அணைந்தது. ஓடுகள் ஓடுகளாகவே இருந்தன. ஆக, உள்ளறையில் இருந்தது மட்டும் போதாது. வெளிக்கதவு திறப்பதுதான் வினை.

துள்ளியதில் தலை அலுமாரித் தட்டில். புடைத்திருக்கிறது.

பேரா. வந்து பார்த்தார். பிரிவுத் தலைவர், என் மேற்பார்வையாளரும் அவரே. நல்ல மனிதர், சிங்களத்தில் பகிடி விடுவார். "இன்னும் சில தடவை செய், பிறகு துள்ளு" என்றார். செய்யத் தூள் வேண்டுமே. குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பது கொஞ்சம்தான். லண்டனில் அத்தானின் கூட்டாளி வாங்கி, கொழும்புக்கு வரும் யாரிடமாவது கொடுத்து, அங்கிருந்து அக்கா எனக்கு. அதுதான் வழி.

பின்னேரம் டவுனில் போன் கடை. வரிசை. லைன் இரைச்சல். கத்தினேன்:

"அக்கா, செல் எல்லாம் பிழைச்சிட்டுது! ஓம், சிக்னலும் வருது! தூள் முடியப்போகுது, கெதியா அனுப்பு. லண்டன் ஆள் எப்ப வாறார்? வெளிச்சத்தில வைக்காத. ஒருத்தருக்கும் திறந்து காட்டாத!"

பட்டறி வாங்க மறந்துபோனேன்.

பெப்ரவரி 14, வெள்ளி

நேற்று எழுதவில்லை. நேற்று பொலிஸ்.

காலையில் தலை சீவிக்கொண்டு நிற்கிறேன், ஜீப். டீச்சர் பாண் வெட்டிய கத்தியோடு வாசலுக்கு ஓடினா. பிலோமினா டீச்சர், நான் அறை எடுத்திருக்கும் வீட்டுக்காரி. கத்தியை உள்ளே வைக்கச் சொல்லி நான்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

ஸ்டேசனில் ஒரு கதிரை, ஒரு மேசை, ஒரு இன்ஸ்பெக்டர், அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒரு கொன்ஸ்தாபிள். போன் கடை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் ஒரு துண்டைப் பார்த்து வாசித்தார், சிங்களத்தில்: செல்கள் பிழைத்துவிட்டன. சிக்னல் வருகிறது. தூள் முடிகிறது, கெதியாக அனுப்பு. லண்டன் ஆள். வெளிச்சத்தில் வைக்காதே. ஒருவருக்கும் காட்டாதே.

ஒரு சொல்லும் பிழையில்லை. கேட்டவருக்கு நல்ல காது.

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. கொன்ஸ்தாபிள் மேசையில் அறைந்தான்.

யாழ்ப்பாணத்தில் செல் என்றால் ஒன்றுதான். பீரங்கியிலிருந்து வருவது. எங்கள் குசினிக் கூரையைக் கொண்டுபோனது. அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஆய்வுகூடத்தில் உலாவியிருக்கிறேன், ஒரு நாளாவது உறைக்கவில்லை. விசரி.

தூள்தான் அவர்களுக்குக் குழப்பம். வெடித்தூளா, போதைத்தூளா? எந்தக் குற்றம் வேண்டும் என்று நானே தெரிவு செய்யலாம் போலிருந்தது. படம் கீறிக் காட்டினேன். ஓடுகள், கதவு, கல்சியம்.

"சிக்னல் யாருக்குப் போகிறது?"
"பக்கத்துச் செல்லுக்கு."
"அது எங்கே இருக்கிறது?"
"இதை ஒட்டியே இருக்கிறது."
"மொத்தம் எத்தனை செல்?"
"ஒரு தட்டிலேயே இலட்சக்கணக்கில்."

பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

பயந்தேனா? பயந்தேன். அவர்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

பின்னேரம் விட்டார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, பகல் முழுக்க வெளி வாங்கில் குடையோடு உட்கார்ந்திருந்திருக்கிறா. "எந்திரிச்சுப் போங்கன்னு நாலு தரம் சொன்னாங்க. என் வீட்டுப் புள்ள உள்ள இருக்கு, கூட்டிட்டுத்தான் போவேன்னு சொன்னேன். வாங்க, மொதல்ல டீ குடிப்போம்."

இன்று அவர்கள் பீடத்துக்கே வந்தார்கள். தூளைக் காட்டு. காட்டுகிறேன், இருட்டறையில், சிவப்பு பல்பு வெளிச்சத்தில். "ஒளிக்க எதுவும் இல்லை என்றாயே. வெளிச்சத்தில் காட்டு." இன்ஸ்பெக்டர் குப்பியை வாங்கி, யன்னலடியில், வெயிலில், திறந்து, பேனை மூடியால் கிண்டி, முகர்ந்து பார்த்தார். பரிசோதனைக்கென்று ஒரு கடதாசியில் கொட்டி மடித்துக்கொண்டார். வெளிச்சமும் ஈரக் காற்றும் பட்டால் அது வெறும் தூசு. மிச்சத்தை என் கையில் திருப்பித் தந்தார், மரியாதையாக.

அழவில்லை. அவர் படி இறங்கும் வரைக்கும்.

பிறகு பேரா. தன் அறைக்குக் கூப்பிட்டார். பேச்சைத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைக்க விருப்பமில்லை என்றால் தலைப்பில் இருந்து "செல்", "சிக்னல்" இரண்டையும் எடுக்கலாம். குற்றமில்லை என்று பொலிஸ் கடிதம் வரும்வரை இருட்டறைச் சாவியும் கலங்கள் வளரும் அறைச் சாவியும் அவரிடம் இருக்கட்டும். எல்லாம் என் நல்லதுக்குத்தானாம்.

"சாவியைப் பொலிஸ் கேட்கவில்லை, சேர். நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?"

மேசையில் இருந்த கடதாசிகளை அடுக்கினார். நான் வெளியே வந்தேன். சாவி என் கைப்பையில். இப்போதும் கைப்பையில்தான்.

பெப்ரவரி 15, சனி

குளிர். ஸ்வெட்டரில் ஓட்டை.

கலங்களுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன். கேற் காவலாளி என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு நாளும் என்னைக் கண்டால் பல்லைக் காட்டுகிற மனிதர். காத்து நின்றேன், போனேன். எல்லாம் உயிரோடு. தட்டோடு ஒட்டிப் பரவி, பக்கத்தில் இருப்பதைத் தொட்டுக்கொண்டு. இவைக்கு ஊரில் நடப்பது ஒன்றும் தெரியாது. நல்லது.

பிரிவு போனுக்கு அக்கா எடுத்தாள்.

"இஞ்சயும் வந்தவங்கள். அத்தானைக் கூட்டிக்கொண்டு போய் இரவுதான் விட்டவங்கள். பிள்ளையள் குழறினதுகள். இனி போனில தமிழ் கதைக்காத. இங்கிலிசில கதை. இல்லாட்டி கலம் எண்டு சொல்லித் துலையன்."

"கலம் எண்டா படைக்கலம் எண்டுவினம் அக்கா."

போனை வைத்துவிட்டாள். பகிடி விடுகிற நேரமா அது? அத்தானுக்கு அடிகிடி விழுந்ததோ என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அக்கா மேல் கோபம் இல்லை. இருக்கிறது, ஆனால் அவள் மேல் இல்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

உடுப்புத் தோய்த்தேன். தலைக்கு எண்ணெய்.

டீச்சர் பூசைக்குப் போய்விட்டு வந்து சொன்னா: வாடகைக்கு ஆள் வைத்திருப்பதைப் பற்றி யோசிக்கும்படி பொலிஸ் "அன்பாகச்" சொன்னார்களாம். நான் வேறு அறை பார்க்கவா என்று கேட்டேன். வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தா.

"கலவரத்துல நாவலப்பிட்டியில எங்க வீட்ட கொளுத்துனாங்க தெரியுமில்ல. மூணு வாரம் கழிச்சு திரும்பிப் போறேன், என் தையல் மிஷின் ரெண்டு வீடு தள்ளி இருக்கறவுங்க வெராந்தால இருக்கு. பொட்டிய தொறந்து என் ஊசிய எடுத்து என் நூலப் போட்டுத் தைக்கிறா அந்தம்மா. நா ஒண்ணும் பேசல. அவ தச்சு முடிக்கிற வரைக்கும் நின்னேன். அப்புறம் தூக்கிட்டு வந்துட்டேன்."

"ஒருத்தரும் தடுக்கேல்லையோ?"

"தடுத்தா ஊசிய மட்டும் குடுத்துருப்பேன். நீங்க எங்கயும் போக வேணாம். வெங்காயத்த உரிங்க."

அந்த மிஷின்தான் என் அறையில் யன்னலடியில் நிற்பது. அதன் மேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தமிழில் எதையும் எழுதி வைக்காதே, இருப்பதையும் எரி என்று பிரிவில் ஒருவர் காதுக்குள் சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

பெப்ரவரி 17, திங்கள்

மத்தியானம் தூறல்.

தூள் இல்லையென்றால் தூள் இல்லாமல். காலையில் பஸ்ஸில் நின்றபடி யோசித்தது. கல்சியம் ஏறுவதைப் புதன்கிழமை என் கண்ணால் கண்டாயிற்று. இனிக் காட்ட வேண்டியது கசிவு. கசிவைக் காட்ட மினுக்கம் எதற்கு, நிறம் போதும்.

பிரிவு அலுமாரியில் பழைய நீலச் சாயம், யாரும் தொடாமல். புரதத்தோடு கலந்தால் ஒட்டிக்கொள்ளும். அடியில் நுண்ணிய துளைகள் உள்ள சின்னக் கிண்ணங்களில் கலங்களைப் போன கிழமையே விதைத்திருந்தேன், வேறு வேலைக்கு. இப்போது ஓடு பதித்த தரை தயார். மேலே நீலம். கீழே தெளிந்த திரவம். திரோம்பின். காத்திருப்பு.

வெளியே கல்சியம் இருந்த கிண்ணங்கள்: கீழே நீலம்.
கல்சியம் இல்லாதவை: கீழே கிட்டத்தட்டத் தண்ணீர் நிறம்.

இருட்டறை வேண்டாம். சிவப்பு பல்பு வேண்டாம். ஆய்வுகூடக் கதவை அகலத் திறந்து, ஒரு கதிரையை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டுச் செய்தேன். எல்லாரும் பார்க்கட்டும். மாணவிகள் இரண்டு பேர் எட்டிப் பார்த்து "மிஸ், இது என்ன?" என்றார்கள். "செல்" என்றேன், சத்தமாக.

பெப்ரவரி 19, புதன்

நேற்றும் இன்றும் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு தடவையும் அதே நீலம், அதே வெறுமை.

பேரா. வந்து, கிண்ணங்களின் கீழ்த்திரவத்தை எடுத்து வைத்திருந்த கண்ணாடிக் குழாய்கள் இரண்டையும் வெளிச்சத்துக்குப் பிடித்தார். வெகுநேரம் பிடித்தார். "அழகாக இருக்கிறது" என்றார். மனதார. அது தெரிகிறது, அதனால்தான் எரிச்சல். அடுத்த வசனம்: நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுத்துவிட்டாராம். "சிக்னல்" இருந்த இடத்தில் "மறுவினை". "செல்" இருந்த இடத்தில் "இழையம்".

"மறுவினை வேறு, சிக்னல் வேறு, சேர். கதவைத் தட்டுவது வேறு, திறப்பது வேறு. நீங்கள்தான் படிப்பித்தீர்கள்."

"வெறும் சொல்தானே, வத்சலா."

"அவர்கள் பிழையாகக் கேட்டதற்காக நான் பிழையாகச் சொல்ல முடியாது."

அவர் முகம் சிவந்தது. பொலிஸ்காரர் அவருக்கும் போன் எடுத்திருக்கிறார், இப்படிப்பட்ட மாணவியை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று. அவர் என்ன பதில் சொன்னார் என்று சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. அவரோடு இவ்வளவு காலத்தில் குரல் உயர்த்தியது இதுதான் முதல்.

பெப்ரவரி 20, வியாழன்

சனி போயா, பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. ஆகவே இன்றைக்கே நுரையீரல். ஹனிபா நானா வழக்கம்போல நெஞ்சுக் குழாயோடு சேர்த்து வெட்டி, இலையில் சுற்றி வைத்திருந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பொலிஸ் வந்து கேட்டாங்க தங்கச்சி. அந்தப் புள்ள நுரையீரல் எதுக்கு வாங்குதுன்னு. பூனைக்குன்னு சொல்லிட்டேன்."

"ஏன் நானா பூனை?"

"நீங்க எத்தன தரம் சொன்னீங்க, எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கலியே. பூனைன்னா எல்லாருக்கும் வெளங்கும்."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். ஆனால் சொல்லிவிட்டேன். பூனைக்கு இல்லை நானா, ஆராய்ச்சிக்கு. இன்னொரு தரம் வந்தால் அப்படியே சொல்லுங்கோ. தலையை ஆட்டினார். நம்பவில்லை.

நாளைக்கு உடுக்க: நீலக் கரைச் சேலை. சட்டையில் கொக்கி தைக்க வேண்டும்.

பெப்ரவரி 21, வெள்ளி

விடிய மழை, பத்துக்குள் வெளித்தது. கொக்கி பஸ்ஸிலேயே தெறித்தது. ஊசி குத்திக்கொண்டு போனேன்.

மண்டபம் முக்கால்வாசி. பின்வரிசையில் யாரென்று தெரியாத ஒரு ஆள், கை மடித்த சேட், கையில் ஒன்றும் இல்லை. பேரா. தலைமை. என் பெயரையும் அச்சடித்த தலைப்பையும் வாசித்தார்: மறுவினை, இழையம். போய் மைக்கைப் பிடித்தேன். "தலைப்பில் அச்சுப் பிழை இருக்கிறது" என்றேன். சரியான தலைப்பை வாசித்தேன், கல்சியம் சிக்னல், நுரையீரல் இரத்தக் குழாய்களின் அகவணிச் செல்கள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. மண்டபம் அப்படியே இருந்தது. கூரை விழவில்லை.

பிறகு தூள் இருந்தபோது கண்ட மினுக்கத்தின் வரைபு. பிறகு குழாய்கள் இரண்டும், ஒன்று நீலம், ஒன்று வெறுமை. முன்வரிசையில் கையோடு கை மாற்றிப் பார்த்தார்கள்.

கேள்வி நேரம். எழும்பியவர் அந்த வார்டு டொக்டர். என்னை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. "சரி, அந்த வெளிக்கதவைப் பூட்ட முடியுமா?" என்றார்.

"தெரியாது. இனி அதைத்தான் தேட வேண்டும். கலத்துக்குள் பார்க்கும் சாயம் வேண்டும். இருந்தது, பழுதாகிவிட்டது."

எப்படிப் பழுதானது என்று அவர் கேட்கவில்லை. நான் பின்வரிசையைப் பார்த்தேன். கை மடித்த சேட் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேரா. என்னைப் பாராமலே தேநீருக்குப் போனார். பொலிஸ் கடிதம் இன்னும் வரவில்லை. சாவி இன்னும் என்னிடம்.

கண்டியில் இறங்கியதும் குண்டசாலை பஸ் நின்றது. ஏறவில்லை. நேரே போன் கடை. அதே வரிசை, அதே கூண்டு. போன கிழமை இதே இடத்தில் ஒன்றும் தெரியாமல் கத்தினேன். இன்று தெரிந்துகொண்டே. கூண்டுக் கதவைத் திறந்தே விட்டேன். பின்னால் நின்றவர் விலகி நின்றார். "இல்லை, கிட்ட நில்லுங்கோ" என்றேன்.

அக்காவிடம் முதலில் அத்தானைப் பற்றிக் கேட்டேன். சுகம், வேலைக்குப் போகிறாராம். போனில் கதைப்பதைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "அவர் ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்" என்றாள்.

"அப்ப கேள், அக்கா. செல் எல்லாம் உயிரோட இருக்கு. சிக்னல் எண்டுதான் மண்டபத்திலயும் சொன்னனான். தூள் இல்லை, அவங்கள் வெயிலில கொட்டிப்போட்டாங்கள். எனக்குத் தூள் வேணும்."

லைனில் இரைச்சல். பிள்ளைகளின் சத்தம் தூரத்தில். ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லிவிட்டு வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் பலத்துச் சொல்லு, கேக்கேல்லை," என்றாள் அக்கா. "தூள் எவ்வளவு வேணும்?"